மீனுக்கு வீடு கட்டினால் போதுமா?



கடல்வளம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், "பழைய டயர்களைக் கடலில் இறக்கினால் மீன்கள் பெருகும்" என்று நம் மாணவர் சிலர் எழுதுகின்றனர். இவ்வரிக்குச் சரியென்று குறியிட்டு விட்டுவிடலாகாது என்பதே என் கருத்து.

இவ்வரி வெறுங்கற்பனை அன்று. நம் நாட்டு மீன்வளத் துறை, 1970களின் நடுப்பகுதியில், கெடா மாநிலத்தின் தெலோர் தீவருகே டயர்களைக் கட்டி இறக்கித்தான் செயற்கைப் பாறைத் திட்டத்தைத் தொடங்கியது. மணல் பரந்த கடலடியில் திடப்பொருள் ஒன்று கிடந்தால் அதன்மேல் பாசியும் சிப்பியும் பற்றும். அவற்றைத் தேடிச் சிறுமீன் வரும். சிறுமீனைத் தேடிப் பெருமீன் வரும். இதுதான் அதன் அடிப்படை.

ஆனால், மீன் கூடுவது வேறு; மீன் பெருகுவது வேறு! பரந்த கடலில் திரிந்த மீன்கள் ஓரிடத்தில் கூடினால் அவற்றைப் பிடிப்பதும் எளிதாகிவிடுகிறது. அங்கே வலைக்கு வரம்பில்லையேல், நாம் கட்டியது வீடன்று, பொறி.

டயரின் கதையையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் புளோரிடா கரைக்கப்பால் 1972இல் தொடங்கிய திட்டத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் டயர்கள் இறக்கப்பட்டன. கட்டுகள் அறுந்தன. நீரோட்டத்தில் உருண்ட டயர்கள் அருகிலிருந்த இயற்கைப் பவளப்பாறைகளையே சிதைத்தன. 2007இல் இராணுவ முக்குளிப்பாளர்கள் அவற்றை மேலே எடுக்கத் தொடங்கினர்.

நம் நாட்டிலோ பிற்காலத்தில் கனமான கான்கிரீட் அமைப்புகள் இறக்கப்பட்டன. அவை எளிதில் நகரா. கரையோரத்தில் அத்துமீறி நுழையும் இழுவைவலைகள் அவற்றில் சிக்கிக் கிழியும். எனவே, அவை மீனுக்கு உறைவிடமாவதோடு சிறு மீனவர்க்குக் காவலாகவும் அமைகின்றன.

நீரின் தூய்மைக்கு நியூயார்க் துறைமுகம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 2014 முதல், உணவகங்களில் எஞ்சும் சிப்பி ஓடுகளைத் திரட்டி, அவற்றின்மேல் சிப்பிக் குஞ்சுகளைப் பற்றச் செய்து கடலில் சேர்க்கின்றனர். பள்ளி மாணவர்களும் இப்பணியில் பங்கேற்கின்றனர். வளர்ந்த சிப்பி ஒன்று, சூழல் வாய்த்தால், நாளொன்றுக்கு 190 லிட்டர் வரை நீரை வடிகட்டும். ஆயினும், 1972இல் வந்த தூயநீர்ச் சட்டத்தின் பின்னர் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மேம்பட்டதால்தான் அந்நீரில் சிப்பி மீண்டும் வாழ முடிந்தது. கனமழையின்போது இன்றும் அங்குக் கழிவுநீர் கலப்பதால், அச்சிப்பிகளை யாரும் உண்பதில்லை. முதலில் கழிவைத் தடுத்தாக வேண்டும். சிப்பி அதன் பிறகே துணைக்கு வரும்.

ஆகவே, மாணவர்களை மூன்று வினாக்கள் கேட்கப் பழக்குவோம்:

1. இறக்கும் பொருள் நகராமல், நஞ்சு கசியாமல் நிலைத்திருக்குமா?

2. அங்கே கூடும் மீனைப் பிடிக்க வரம்பு உண்டா?

3. நீரைக் கெடுக்கும் கழிவு நிறுத்தப்பட்டதா?

மூன்றாம் வினா பெற்றோர்க்கும் உரியது. வீட்டு முன்னுள்ள கால்வாயில் நாம் ஊற்றும் பழைய சமையல் எண்ணெய் ஆற்றின் வழியே கடலுக்குத்தான் போகிறது. அதைப் புட்டியில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இப்பாடத்தின் பாதி முன்பே தெரிந்திருக்கும்.

கடலுக்குள் எதையேனும் போடுவதற்கு முன், அதில் எதைப் போடாதிருக்க வேண்டும் என்பதைக் கற்பிப்போம்!