பட்டம் மேனேஜருக்கு, சில்லர் யாருக்கு?

டிஸ்கி: ஆன்லைன் படிப்பே வேஸ்ட்னு சொல்ற பதிவு இல்லை இது. அப்படி நினைச்சு வந்தவங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டுத் திட்டவும் :-)

டேட்டா சென்டர் மேனேஜர்களுக்கு ஆன்லைன் முதுநிலைப் படிப்புன்னு பார்க்கிற இடமெல்லாம் விளம்பரம். வெளிநாட்டுல இது ஏற்கெனவே உண்டு. இங்கிலாந்துல ஆங்லியா ரஸ்கின் பல்கலைக்கழகம், சிநெட் டிரெயினிங் நிறுவனத்தோட சேர்ந்து டேட்டா சென்டர் நிர்வாகத்துக்குன்னே தொலைநிலையில ஒரு முதுநிலைப் பட்டம் நடத்தியது. நம்ம ஊர்ல பெரும்பாலும் கிடைக்கிறது பொதுவான ஆன்லைன் எம்.பி.ஏ. தான்.

இதுல எனக்கென்ன வயித்தெரிச்சல்? சொல்றேன். நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு தொழிற்சாலையில யுடிலிட்டி பார்க்கிறவன். சில்லர், கம்ப்ரசர், டிஜி செட், இதுங்களோடதான் என் பொழப்பு. எங்க ஏரியாவுல டிப்ளமோ முடிச்சு இதே வேலையைக் கத்துக்கிட்ட பசங்க இப்ப அம்பத்தூர் டேட்டா சென்டர்களுக்குப் போறாங்க. 2018 வரைக்கும் திருவள்ளூர் மாவட்டத்துல இருந்த அதே அம்பத்தூர்தான். என்டிடி, கன்ட்ரோல்எஸ், எஸ்டிடி எல்லாம் அங்கே இருக்கு. டிஜிட்டல் கனெக்ஷன் 2024 ஜனவரியில 20 மெகாவாட்டோட திறந்தது, வளாகத்தை 100 மெகாவாட் வரைக்கும் கொண்டு போகலாம்னு திட்டம். தமிழக அரசு 2021-லயே டேட்டா சென்டர் கொள்கை போட்டாச்சு. வேலை இருக்கு, இனியும் வரும்.

ஆனா அந்தப் பசங்க ஷிஃப்ட் இன்சார்ஜ் வரைக்கும்தான். அதுக்கு மேல போக "டிகிரி இருக்கா?"ன்னு கேக்குறாங்க. பதினஞ்சு வருஷமா மெஷினோட மல்லுக்கட்டினவன் வாசல்ல நிக்கிறான். சில்லரை போட்டோவுல மட்டும் பார்த்தவர் எம்.பி.ஏ.வோட உள்ள போறார்.

சரி, டிகிரி படிச்சிட்டுப் போக வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. எங்கய்யா வழி?

ஒரு காலத்துல ஏ.எம்.ஐ.இ. இருந்தது. வேலை பார்த்துக்கிட்டே ராத்திரி உக்காந்து படிச்சு, பி.இ.க்குச் சமமான தகுதியோட வெளிய வந்த டிப்ளமோக்காரங்க தமிழ்நாட்டுல ஏகப்பட்ட பேர். 2013 மே 31-க்குப் பிறகு சேர்ந்தவங்களுக்கு அந்த அங்கீகாரம் கிடையாதுன்னு கதவைச் சாத்திட்டாங்க. 2017 நவம்பர்ல உச்ச நீதிமன்றம், தபால்வழி பொறியியல் பட்டம் செல்லாதுன்னு சொன்னது. யுஜிசியோட 2020 விதிகள்லயும் பொறியியலை ஆன்லைன்ல நடத்தக் கூடாது, ஆனா எம்.பி.ஏ. நடத்தலாம். 2023-ல வேலை பார்க்கிறவங்களுக்குன்னு தனி பொறியியல் வகுப்புகளுக்கு ஏஐசிடிஇ வழி விட்டது, நல்ல விஷயம். ஆனா கல்லூரிக்கு நேர்ல போகணும். சுழற்சி ஷிஃப்ட்காரன் ஒரு வாரம் சாயங்காலம் போவான், அடுத்த வாரம்?

பொறியியலை லேப் இல்லாம கத்துக்க முடியாதுங்கிறது நியாயம். நானே ஒத்துக்கிறேன். ஆனா இந்த ஆளு தினமும் எட்டு மணி நேரம், பன்னெண்டு மணி நேரம் லேபுக்குள்ளதானே நிக்கிறான்? அவனுக்கு இல்லாதது லேப் இல்லை, தியரிதான். தியரி ஆன்லைன்லயே வரும். எம்.பி.ஏ.க்காரருக்கு இல்லாததோ லேப். அது ஆன்லைன்ல வராது. யாருக்கு ஆன்லைன் படிப்பு பொருந்துமோ அவனை விட்டுட்டு மத்தவங்களுக்கு விக்கிறோம். இதுதான் என் கோபம்.

"மேனேஜருக்கு நிதி தெரியணும், உத்தி தெரியணும், வால்வு திருப்பத் தெரிய வேண்டாம்"னு ஒரு நண்பர் சொன்னார். சரி, நிதியே பேசுவோம். டேட்டா சென்டர்ல பியுஇன்னு ஒரு கணக்கு உண்டு. மொத்தம் இழுக்கிற கரண்டை, சர்வருக்குப் போற கரண்டால வகுக்கணும். சர்வர் 10 மெகாவாட் இழுக்குது, பியுஇ 1.6-ல இருந்து 1.5-க்கு இறங்குதுன்னு வைங்க. மிச்சம் ஒரு மெகாவாட். வருஷத்துக்கு 87.6 லட்சம் யூனிட். யூனிட் 8 ரூபாய்னு போட்டாலே ஏழு கோடி. அந்த 0.1 எங்கே ஒளிஞ்சிருக்கு? சில்லர் செட் பாயின்ட்ல, அடைச்சுப்போன ஃபில்டர்ல, சூடான காத்தும் குளிர்ந்த காத்தும் கலக்கிற ஓட்டையில. இதைக் கண்டுபிடிக்கிறவன் ரவுண்ட்ஸ் போறவன். ஏழு கோடியைக் கண்ணால பார்த்தவனுக்கு நிதி தெரியாதாம்!

தண்ணிக்கு வாங்க. அதே 10 மெகாவாட் சூட்டை முழுசா கூலிங் டவர் வழியா ஆவியாக்கினா, ஒரு நாளைக்கு சுமாரா மூன்றரை லட்சம் லிட்டர் போயிடும். 12,000 லிட்டர் லாரின்னா கிட்டத்தட்ட முப்பது லாரி. பூண்டி, புழல், சோழவரம், தேர்வாய்கண்டிகைன்னு சென்னைக்குத் தண்ணி கொடுக்கிற ஏரிங்க எங்க மாவட்டத்துல இருக்கு. 2019 கோடையில என்ன ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியும். 2015 வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் எல்லாம் வந்து போன ஊர் இது. ரோடு மூழ்கி அடுத்த ஷிஃப்ட் ஆள் வரலைன்னா, டிஜிக்கு டீசல் லாரி வரலைன்னா என்ன செய்யறது? இந்தப் பாடம் எந்த சிலபஸ்ல இருக்கு?

மேல இருக்கிறவங்களுக்கு மெஷின் புரியலைன்னா என்ன ஆகும்? தென்கொரியாவைப் பாருங்க. 2025 செப்டம்பர் 26, தேஜான் நகரம், அரசாங்கத்தோட டேட்டா சென்டர். ஆயுள் தாண்டின யுபிஎஸ் பேட்டரிகளை இடம் மாத்துற வேலையில தீ பிடிச்சது. 709 அரசு சிஸ்டம்கள் நின்னு போச்சு. அரசு ஊழியர்கள் கோப்பு வச்சிருந்த ஜி-டிரைவ்ல 858 டெராபைட் போயே போச்சு, வெளியில பேக்கப் இல்லை. பேட்டரியை எப்ப மாத்தணும், நகர்த்தும்போது என்ன பார்க்கணும், பேக்கப்பை எங்க வைக்கணும்னு முடிவெடுக்க வேண்டியது கடைசி டெக்னீஷியன் இல்லை, நிர்வாகம்.

அதனால நான் கேக்கிறது மூணே மூணு.

ஒண்ணு, கதவு. டிப்ளமோவும் பத்து வருஷ அனுபவமும் இருக்கிறவனை ஒரு பாலப் படிப்பு வச்சு முதுநிலைக்குள்ள விடுங்க. இன்னிக்கு அவன் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல மூணு வருஷம் பி.பி.ஏ. முடிச்சு, அப்புறம் ரெண்டு வருஷம் எம்.பி.ஏ. படிக்கணும். அஞ்சு வருஷம்! 2023-ல வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு, வேலை அனுபவத்துக்கும் கிரெடிட் தரலாம்னு சொல்லுது. காகிதத்துல இருக்கிறதை நடைமுறைக்குக் கொண்டு வாங்க.

ரெண்டு, நேரம். நைட் ஷிஃப்ட் முடிச்சவன் காலைல அம்பத்தூர்ல ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜ்ல மாறி, கும்மிடிப்பூண்டி லோக்கல்ல தொங்கிக்கிட்டு போன்ல பாடம் கேக்கணுமா? வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஷிஃப்டுக்குள்ளயே படிப்புக்கு ஒதுக்குங்க. ஃபீஸையும் கம்பெனி கட்டட்டும். பியுஇல மிச்சமாகிற ஏழு கோடியில இது எந்த மூலைக்கு?

மூணு, எம்.பி.ஏ.வோட நேரா வர்றவங்களுக்கு. ஆறு மாசம் ஷிஃப்ட் பார்க்காம மேனேஜர் நாற்காலி கிடையாது. ராத்திரி மூணு மணிக்கு ஈபி போயி டிஜி எடுக்கிற அந்தப் பத்துப் பதினஞ்சு செகண்ட், யுபிஎஸ் பேனலைப் பார்த்துக்கிட்டு நின்னிருக்கணும். ஒரு தடவையாவது.

இதைப் படிக்கிற ஹெச்.ஆர். அன்பர்கள் யாராச்சும் இருந்தா, உங்க கம்பெனியில பத்து வருஷம் தாண்டின டிப்ளமோ ஆளுங்க எத்தனை பேர், அதுல மேனேஜர் ஆனவங்க எத்தனை பேர்னு நாளைக்குக் காலைல ஒரு லிஸ்ட் எடுத்துப் பாருங்க. அப்புறம் வந்து என்னோட சண்டை போடுங்க. நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்.