அந்த 17 நிமிடங்களில் வராத ஒரு புகார்!

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் மதியத் தொழுகை நேரம். அடுத்தடுத்து இரண்டு மசூதிகளில் ஒருவன் நடத்திய துப்பாக்கிச்சூட்டில் 51 பேர் உயிரிழந்தார்கள். ஹெல்மெட்டில் கேமராவைப் பொருத்தி, 17 நிமிடங்கள் ஃபேஸ்புக்கில் லைவ்வும் போட்டான் அவன்.

லைவ் ஓடியபோது அது பார்க்கப்பட்டது 200 தடவைக்கும் குறைவு. பார்த்தவர்களில் ஒருவர்கூட அப்போது புகார் செய்யவில்லை. முதல் புகார் வந்ததே, லைவ் முடிந்து 12 நிமிடங்கள் கழித்துத்தான். அதற்குள் யாரோ அதைக் காப்பி எடுத்து வேறொரு தளத்தில் ஏற்றிவிட்டார்கள். அடுத்த 24 மணி நேரத்தில் ஃபேஸ்புக் நீக்கிய பிரதிகள் மட்டும் சுமார் 15 லட்சம்!

பகிர்ந்த எல்லோரும் அவனை ஆதரித்தவர்கள் இல்லை. சிலர் ஆர்வத்தில் பகிர்ந்தார்கள். சிலர் கண்டித்தே பகிர்ந்தார்கள். ஆனால், அவனுக்குத் தேவைப்பட்டது கூட்டம். திட்டிக்கொண்டே பகிர்ந்தவர்களும் அந்தக் கூட்டத்தைத்தான் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இதைப் புரிந்துகொண்ட அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன், ‘அவன் பெயரைச் சொல்லவே மாட்டேன்’ என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். வீடியோவை வைத்திருப்பதும் பகிர்வதும் அங்கே குற்றமானது. சுமார் 30 பேருக்கு அனுப்பிய ஒருவருக்கு 21 மாதச் சிறை கிடைத்தது.

30 பேர் என்பது, நம் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பின் அளவுதான். அப்படியொரு வீடியோ அதில் வந்தால் ஃபார்வர்ட் வேண்டாம். ரிப்போர்ட் செய்துவிட்டு, அனுப்பியவரிடம், “டெலிட் பண்ணிடுங்க மாமா” என்று சொல்லுங்கள். அன்று 17 நிமிடங்களில் யாரும் செய்யாத வேலை அது!