அடியில் எழுதியிருப்பது பிறப்புச் சான்றிதழ் அல்ல

சில நாட்களாக எமது ஆசிரியர் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றி வருகிறது. நீலமும் வெள்ளையுமான சீனப் பீங்கான் தூரிகைக் குவளை. "300 வருடப் பழமை, காங்ஷி மன்னர் காலம், சீனாவிலிருந்து நேரடியாக" என்று போட்டிருக்கிறார்கள். ஆதாரம், அடியில் உள்ள ஆறு சீன எழுத்துக்கள். 2022இல் ரூபா விழுந்த விதத்தைப் பார்த்த நம்மில் பலருக்கு, காசை வங்கியில் வைப்பதைவிட இப்படியொரு பொருளில் போட்டால் என்ன என்ற எண்ணம் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஒரு சேர் பணிக்கொடைக் காசில் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் சேர் என்பதுதான் எங்கள் அபிப்பிராயம். காரணத்தையும் சொல்லிவிடுகிறோம்.

பொருள் அழகானதுதான். சீனக் கற்றறிந்தோரின் மேசையில் தூரிகைகளை நிறுத்தி வைக்கும் குவளை அது. மூங்கிலிலும் மரத்திலும் ஏராளமாகச் செய்தார்கள். மிங் ஆட்சியின் கடைசிக் காலத்திலும் காங்ஷி (1662-1722) காலத்திலும் ஜிங்தெஜென் சூளைகளில் பீங்கானிலும் நிறையச் செய்தார்கள். சிலவற்றில் படமே இல்லை, சுற்றிவர ஒரு முழுக் கட்டுரையை எழுதியிருப்பார்கள். வாத்திமாருக்குப் பிடிக்காமல் இருக்குமா?

ஆனால் அந்த ஆறு எழுத்துக்கள்? "மகா சிங் அரசின் காங்ஷி ஆண்டுகளில் செய்தது" என்று அவை சொல்கின்றன. சொல்வது மட்டும்தான். 1677இல், காங்ஷி ஆண்டுகொண்டிருக்கும்போதே, பீங்கானில் மன்னர் பெயர் எழுதக் கூடாதென்று உள்ளூர் அதிகாரி தடை போட்டார். உடைந்து குப்பைக்குப் போனால் மன்னருக்கு அவமரியாதையல்லவா! அதனால் உண்மையான காங்ஷிப் பொருட்கள் பலவற்றில் அவர் பெயரே இல்லை, பழைய மிங் மன்னரின் பெயர் இருக்கும். அவர் பெயரோ 19ஆம் நூற்றாண்டுச் சரக்கில் தாராளமாகக் கிடக்கிறது. இன்றும் எழுதுகிறார்கள். அமிலம் பூசிப் பளபளப்பைக் குறைப்பதும், உடைந்த பழைய அடிப்பாகத்தைப் புதுக் குவளையில் ஒட்டுவதும் அங்கே தெரிந்த தொழில்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் "நேரடியாக" என்ற சொல்லில் இருக்கிறது. 1911க்கு முந்திய தொல்பொருட்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகச் சீனச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. அப்படியானால் இப்போது அங்கிருந்து பார்சலில் வரும் 300 வருடக் குவளை ஒன்றில் பழையதல்ல, அல்லது களவாகக் கடத்தியது. இரண்டில் எதற்கு நாம் காசு கொடுக்கிறோம்? பல காலத்துக்கு முன்பே வெளியேறி, லண்டனிலோ ஹொங்கொங்கிலோ கைமாறிய பொருளென்றால் கதை வேறு. அதற்குப் பழைய ஏலச் சீட்டு, விற்பனைப் பற்று என்று ஏதாவது இருக்கும்.

நம்மவர்களைக் குறிவைக்கும் இன்னொரு வகையும் உண்டு: அரபு எழுத்துள்ள சீனப் பீங்கான். இது கட்டுக்கதை அல்ல. செங்தே மன்னர் காலத்தில் (1506-1521) அரபு, பாரசீக எழுத்துக்களோடு எழுதுபொருட்களைச் செய்தார்கள். அரண்மனையிலிருந்த முஸ்லிம் அதிகாரிகளுக்காக என்று கருதுகிறார்கள். மலைபோன்ற தூரிகை தாங்கியொன்றில் "எழுதுகோல் தாங்கி" என்றே பாரசீகத்தில் எழுதியிருக்கிறது. நாம் சோறு தின்னும் பீங்கானின் பெயரும் பாரசீகத்திலிருந்து வந்ததுதானே. உண்மையான வரலாறு இருப்பதால்தான் போலி சுலபமாக விலைபோகிறது. அரபு எழுத்தைக் கண்டவுடன் நமக்கு மனம் இளகிவிடுகிறது, விற்பவருக்கு அது நன்றாகவே தெரியும்.

அழகுக்காக, புதுக் குவளையின் விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். பேனை போட்டு வைக்கலாம். 300 வருடத்துக்கென்று விலை கேட்டால் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: அடிப்பாகத்தின் தெளிவான படம் (எழுத்து மட்டுமல்ல, பளபளப்பில்லாத விளிம்பும் தெரிய வேண்டும்), முன்பு யாரிடம் இருந்தது என்பதற்கான கடதாசி, போலியென்றால் காசு திரும்பும் என்ற எழுத்து உறுதி. சேர், இவை கைக்கு வந்தால் குழுவில் போடுங்கள், எல்லோருமாகப் பார்ப்போம். அதுவரை முற்பணம் கட்ட வேண்டாம்.