பிடிலுக்கு மின்சாரம்!

லண்டன் மாநகரில் இசைக்கருவிகள் விற்கும் கடை ஒன்று. அங்கே ஒரு வாலிபர் பிடில் வாசித்துக்கொண்டிருந்தார். அது சாதாரணப் பிடில் அல்ல. மின்சாரத்தால் ஒலி பெருக்கப்பட்ட பிடில்! அந்த நாதத்தைக் கேட்டு இன்னொரு வாலிபர் அருகில் வந்தார். பேச்சு வளர்ந்தது. இருவரும் நண்பர்கள் ஆனார்கள்.

பிடில் வாசித்தவர் டாரில் வே. லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் படித்தவர். வந்தவர் பிரான்சிஸ் மாங்க்மன். ராயல் இசை அகாடமியில் பயின்றவர். இந்த இருவரும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு 1970-ல் "கர்வ்டு ஏர்" என்ற ராக் இசைக் கோஷ்டியை அமைத்தார்கள். "வளைந்த காற்று" என்று பொருள். பாடியவர் சோன்யா கிறிஸ்டினா என்ற பெண். "ஹேர்" என்ற இசை நாடகத்தில் நடித்தவர்.

அதே ஆண்டு நவம்பரில் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. பெயர் "ஏர் கண்டிஷனிங்".

பாழாகிவிட்டதா?

"கல்லூரியில் கற்ற வித்தையை டிரம் சத்தத்தில் பாழாக்கலாமா?" என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், இங்கே வித்தை பாழாகவில்லை.

பிடிலின் குரல் மெல்லியது. பக்கத்தில் டிரம் முழங்கினால், சந்தைக் கூச்சலில் குழந்தை அழுவதுபோல் அது காணாமல் போகும். ஆகவே தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி, ஒலிபெருக்கி வழியாக அனுப்பினார்கள். பிடில் எல்லோருக்கும் சமமாக எழுந்து நின்றது!

தட்டின் முதல் பக்கத்தில் கடைசியாக "விவால்டி" என்ற உருப்படி வருகிறது. ஏழு நிமிடத்துக்கும் மேல். பாட்டே கிடையாது. விவால்டி என்பவர் 1678-ல் வெனிஸ் நகரில் பிறந்த பிடில் மேதை. அவருடைய பாணியில் டாரில் வே அமைத்த இசை இது. முதலில் பழைய முறைப்படி கட்டுக்கோப்பாகப் போகிறது. பிறகு வில் பாய்கிறது, சீறுகிறது, தனியாக அலைகிறது. வித்தை இல்லாத கை இப்படி வாசிக்குமா?

இதையே தட்டின் முடிவில் மின்சார ஓசைகளோடு மறுபடியும் சுருக்கமாகத் தருகிறார்கள். அது வேண்டாத வேலை. வெறும் சத்தம்!

கண்ணா? காதா?

பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. முதலில் விற்ற தட்டுகள் கறுப்பு நிறம் அல்ல. தட்டின் மேலேயே வண்ணப் படம்! தட்டு சுழன்றால் படமும் சுழலும். புதுமைதான். கடையில் பார்த்தவர்கள் சொக்கிப்போயிருப்பார்கள்.

ஆனால், படத்துக்கு மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஏடு. அதிலேதான் இசைக்கோடுகள். முள் ஓடும்போது ஒரே கரகரப்பு! பாடுபட்டு வாசித்த பிடிலுக்குக் குறுக்கே இந்த இரைச்சல். இதைச் செய்தவர் டிரம் அடித்தவர் அல்ல, தட்டை அலங்கரித்தவர்தான்.

அப்படியும் பிரிட்டனில் அதிகம் விற்ற தட்டுகளின் வரிசையில் இது 8-வது இடத்தைப் பிடித்தது. பிறகு வழக்கமான கறுப்புத் தட்டாகவும் வந்தது. டாரில் வேயின் வில் என்ன செய்கிறது என்று தெளிவாகக் கேட்க வேண்டியவர்கள் அந்தக் கறுப்புத் தட்டைத்தான் தேட வேண்டும். படத் தட்டைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்!