முந்நூறு குதிரையும் ஒரு தலைகீழ் ஃபேனும்

டிஸ்கி: இது ஜீப் பதிவு. கவிதை, அரசியல், சினிமா தேடி வந்த மக்கள்ஸ் மன்னிக்கணும். ஆனா நடுவுல ஒரு எட்டு வயசுப் பையன் வர்றான், அவனுக்காகவாவது படிங்க.

எங்க ஆபீஸ்ல என்னை விட பத்து வருஷம் சீனியர் ஒருத்தர் இருக்கார். ஊர் தூத்துக்குடி பக்கம், அதனால எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. ஃபீனிக்ஸ்ல வீடு வாங்கினதும் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து இவருக்கும் ஜீப் ஆசை வந்துடுச்சு. 2003 மாடல் ராங்லர், டிஜேன்னு சொல்வாங்களே அது. 4 லிட்டர் ஸ்ட்ரெய்ட் சிக்ஸ் எஞ்சின், 190 குதிரை. காலத்துக்கும் உழைக்கிற எஞ்சின், சும்மா விட்டிருக்கலாம். விடல. அடிபட்ட ஒரு செவ்ரோலே சில்வராடோல இருந்து 5.3 லிட்டர் வி8 எஞ்சினைக் கழட்டிட்டு வந்துட்டார். எல்எம்7னு பேரு. வருஷத்தைப் பொறுத்து 270ல இருந்து 295 குதிரை வரைக்கும். அண்ணாச்சி கணக்குல ரவுண்டா முந்நூறு.

நான் படிச்சது மெக்கானிக்கல், பொழப்பு ஜாவா. ஹீட் டிரான்ஸ்ஃபர்ல அரியர் வச்சு ரெண்டாவது அட்டெம்ப்ட்ல பாஸ் பண்ண ஆளு. அதனால வயரிங்கும், எஞ்சின் கம்ப்யூட்டரும் என் தலையில விழுந்துச்சு. "தம்பி, நீ பொட்டி தட்டுறவன்தானே, இதையும் தட்டு"ன்னார்.

இந்த மாதிரி எஞ்சின் மாத்துற எல்லாரும் காசு செலவு பண்ற வரிசையைப் பாருங்க. முதல்ல எஞ்சின். அப்புறம் கியர்பாக்ஸ், அடாப்டர், எஞ்சின் மவுண்ட், வயரிங். எக்ஸாஸ்ட் சத்தம் கம்பீரமா இருக்கணும்னு அதுக்குத் தனி பட்ஜெட். கடைசியில பர்ஸ்ல மிச்சம் இருக்கிறதுக்கு ஒரு ரேடியேட்டர், ஆன்லைன்ல எது சீப்போ அந்த ஃபேன். நாங்களும் அப்படித்தான் செஞ்சோம். இந்த வரிசை தலைகீழா இருக்கணும்ங்கிறதுதான் என் கட்சி. எஞ்சினைத் தூக்கி உள்ள வைக்கிறதுக்கு முன்னாடியே ரேடியேட்டரும் ஃபேனும் ஷ்ரவுடும் எங்க உக்காரும்னு முடிவாகி இருக்கணும்.

இனி கொசுவர்த்தி சுத்துறேன். ஜனவரியில வண்டி ரெடி. ஃபீனிக்ஸ்ல அன்னைக்கு 18 டிகிரி. ஊரைச் சுத்தி ஓட்டினோம், டெம்பரேச்சர் 92 டிகிரி தாண்டவே இல்ல. கை கொடுத்துக்கிட்டோம், பிரியாணி சாப்பிட்டோம்.

ஜூன்ல ஒரு சனிக்கிழமை. லேக் ப்ளெசன்ட் பக்கத்துல இருந்து கிரவுன் கிங் மலைக்கு ஒரு பழைய கரடு முரடுப் பாதை போகுது. மேல பைன் மரம், குளுகுளுன்னு இருக்கும்னு கிளம்பினோம். அண்ணாச்சி, அவர் பையன், நான். பத்தரை மணிக்கே 41 டிகிரி. லோ ரேஞ்சுல, நடந்து போற வேகத்துல பாறை மேல ஏறிக்கிட்டு இருக்கோம். 98. 104. 110. நான் லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு நம்பரைப் படிக்கப் படிக்க அண்ணாச்சி முகம் மாறுது. ஏசியை அணைச்சோம். 116 வந்ததும், கேபின் ஹீட்டரை ஃபுல்லா வச்சோம். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கும். 41 டிகிரி வெயில்ல, ஹீட்டர் காத்து மூஞ்சியில அடிக்க, பின் சீட்ல எட்டு வயசுப் பையன். செல்போன் சிக்னல் கிடையாது. ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணி. எஞ்சின் போனா போகுது, பாலைவனத்துல வண்டி நின்னா என்ன ஆகும்னு அந்த நிமிஷம்தான் உறைச்சுது.

ஒரு பாலோ வெர்டே மரத்தோட நிழல்னு சொல்ல முடியாத நிழல்ல நிறுத்தி பானெட்டைத் திறந்தோம். ரேடியேட்டர் மூடியில கை வைக்க அண்ணாச்சி போனார், பிடிச்சு இழுத்துட்டேன். பாதித் தண்ணி பாதி கூலன்ட் கலவை திறந்த பாத்திரத்துல சுமார் 106 டிகிரியில கொதிக்கும். 15 பிஎஸ்ஐ மூடி போட்டு அழுத்தம் ஏத்தினா 129 வரைக்கும் தாங்கும். அந்த மூடியைத் திறந்தா அழுத்தம் போயிடும், மொத்தமும் ஒரே நொடியில ஆவியா மூஞ்சிக்கு வரும்.

பையன் கீழ இறங்கி சிப்ஸ் பாக்கெட்டைக் காலி பண்ணிட்டு, காலிக் கவரை கிரில் முன்னாடி பிடிச்சு விளையாடிட்டு இருந்தான். ஃபேன் ஓடிக்கிட்டு இருக்கு. கவர் கிரில்ல ஒட்டல, வெளிய பறந்து போச்சு.

"அப்பா, காத்து முன்னாடி வருது."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "என்னடே தம்பி?"

ஆமா சாமி. பிளஸ், மைனஸ் மாத்திக் கொடுத்திருக்கேன். ரேடியேட்டருக்குப் பின்னாடி இருந்து காத்தை இழுக்க வேண்டிய ஃபேன், எஞ்சின் ரூம்ல இருக்கிற சூட்டை எடுத்து முன்பக்கம் தள்ளிக்கிட்டு இருந்திருக்கு. ஜனவரிக் குளிர்ல ஓட்டினப்ப வண்டி போற வேகத்துக் காத்தே போதுமா இருந்ததால தெரியல. ஆறு மாசமா அப்படியே இருந்திருக்கு. இன்ஜினியர்னு சொல்லிக்கிறதுக்கே வெக்கமா இருந்துச்சு.

அங்கேயே வயரை மாத்திப் போட்டோம். நாப்பது நிமிஷம் ஆற விட்டு, மேல போகாம, வந்த வழியே இறங்கினோம். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, ஃபேனை நேராக்கின பிறகும் இறக்கத்துலயே 107க்குக் கீழ வரல. தலைகீழ் வயர் என் தப்பு, ஆனா அது மட்டும் காரணமில்ல.

வீட்டுக்கு வந்து உக்காந்து கணக்குப் போட்டேன். ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளிய தள்ளும்ங்கிறது கூலன்டுக்கும் வெளிக்காத்துக்கும் இருக்கிற வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 100 டிகிரின்னு வைங்க. ஜனவரியில 18 டிகிரி காத்து, வித்தியாசம் 82. ஜூன்ல 41, வித்தியாசம் 59. அதே ரேடியேட்டர், அதே காத்து, ஆனா திறமை முக்கால்வாசிக்கும் கீழ. குளிர்காலத்துல டெஸ்ட் பண்ணி பாஸ் போடுறது, புரொடக்ஷன் டேட்டா இல்லாம டெஸ்ட் பண்ற மாதிரி. 2023ல ஃபீனிக்ஸ்ல தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல போச்சு. இந்த ஊர்ல இருந்துக்கிட்டு ஜனவரி டெஸ்ட்டை நம்பினோம் பாருங்க.

அடுத்தது காத்து. பாறை ஏறும்போது வண்டிக்கு வேகம் இல்ல, எதிர்க்காத்தும் இல்ல, முழுக்க ஃபேன் புண்ணியம்தான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்னா இன்னும் மோசம். டார்க் கன்வெர்ட்டர் வழுக்கி வழுக்கி எண்ணெயைச் சூடாக்கும், அந்தச் சூடும் ரேடியேட்டர் பக்கத்துத் தொட்டி வழியா இதே கூலன்ட்லதான் வந்து சேரும்.

எங்க ஃபேன் 16 அங்குலம். ரேடியேட்டர் சுமார் 22க்கு 18 அங்குலம், அதாவது 396 சதுர அங்குலம். 16 அங்குல வட்டம் 201 சதுர அங்குலம். பிளாஸ்டிக் டை போட்டு ஃபேனை நேரா ரேடியேட்டர்ல கட்டியிருந்தோம், ஷ்ரவுட் கிடையாது. ஆக, பாதி ரேடியேட்டருக்குத்தான் காத்து. மீதிப் பாதி சும்மா அலங்காரம். பெரிய ரேடியேட்டருக்குக் கொடுத்த காசு போச்சா? ஷ்ரவுட்னா முழு ரேடியேட்டரையும் மூடி, ஃபேன் இழுக்கிற காத்து எல்லா மூலையில இருந்தும் வர வைக்கிற ஒரு பொட்டி. அவ்வளவுதான் விஷயம். அது இல்லாம ஃபேன் வாங்கறது, புனல் இல்லாம கேன்ல மண்ணெண்ணெய் ஊத்துற மாதிரி.

அட்டைப்பொட்டியில போட்டிருக்கிற சிஎஃப்எம் நம்பரைப் பத்தியும் சொல்லணும். பல நேரம் அது முன்னாடி எந்தத் தடையும் இல்லாம ஃபேனைச் சும்மா சுத்த விட்டு அளந்தது. நம்ம வண்டியில ஏசி கண்டென்சர், ஆயில் கூலர், ரேடியேட்டர்னு அடுக்கடுக்கா நிக்குது. அந்தத் தடைக்கு எதிரா எவ்வளவு இழுக்கும்னு ஒரு கிராஃப் கொடுத்தா அவன் நேர்மையான கடைக்காரன். கொடுக்கலைன்னா அந்த நம்பரை மதிக்காதீங்க. ரேடியேட்டர் தடிமனா இருந்தா நல்லதுன்னு வாங்குறவங்களுக்கும் இதே பதில்தான். தடிமன் கூடினா காத்துக்குத் தடையும் கூடும், நடை வேகத்துல அதை இழுக்கிற தெம்பு சாதா ஃபேனுக்கு இல்ல. அகலமும் உயரமும்தான் முதல்ல வேணும்.

என்ன செஞ்சோம்னா, பழைய கார் உடைக்கிற யார்டுக்குப் போய் 90கள் ஃபோர்டு டாரஸ், 3.8 லிட்டர் வண்டியோட ஃபேனைக் கழட்டிட்டு வந்தோம். ரெண்டு ஸ்பீட், ஷ்ரவுடோட வருது. ஸ்வாப் பண்ற மக்கள் ரொம்ப வருஷமா தேடி எடுக்கிற சாமான். ஒரு கார் கம்பெனி இன்ஜினியர் முழு ரேடியேட்டருக்கும் கணக்குப் போட்டு செஞ்ச ஷ்ரவுட், நான் அலுமினியத் தகட்டை வளைச்சு செய்யறதை விடக் கண்டிப்பா மேல்.

ஆனா அந்த ஃபேன் கரண்ட் குடிக்கும். ஹை ஸ்பீட்ல கிளம்பும்போது ஒரு நொடி இழுக்கிற இழுப்புல என் 30 ஆம்பியர் ரிலேயோட சாக்கெட் உருகிடுச்சு (இதுவும் நான்தான்). மெல்லிசு வயர் போட்டதால எஞ்சின்கிட்ட 13.8 வோல்ட், ஃபேன் முனையில 11.2. ஃபேன் வேகம் ஏறக்குறைய வோல்டேஜோட போகும், அப்போ அஞ்சுல ஒரு பங்கு காத்து வயர்லயே போச்சு. தடி வயர், நல்ல எர்த், பெரிய ரிலேன்னு மாத்தின பிறகுதான் ஃபேன் முனைக்கு 13.4 வந்துச்சு. ஆல்டர்னேட்டர் மேல எழுதியிருக்கிற ஆம்பியரும் ஐடில்ல கிடைக்காது, அதையும் சேர்த்துக் கணக்கு வைங்க.

கம்ப்யூட்டர் விஷயத்துலயும் ஒரு கூத்து. அந்த சில்வராடோல பெல்ட்ல ஓடுற ஃபேன், அதனால எலக்ட்ரிக் ஃபேன் கன்ட்ரோல் புரோகிராம்ல அணைஞ்சு கிடந்துச்சு. அதை எழுப்பி விட்டேன். குளிர்ச்சியா இருக்கட்டுமேன்னு 84 டிகிரியில அணையற மாதிரி வச்சேன். தெர்மோஸ்டாட் திறக்கிறதே 86ல. ஃபேன் எப்பத்தான் அணையும்? அணையவே அணையாது. இப்போ 99ல ஆன், 94ல ஆஃப். குளிர் தெர்மோஸ்டாட் போட்டா சூடு பிரச்னை தீரும்னு சொல்றவங்களும் இதே குழப்பத்துலதான் இருக்காங்க. தெர்மோஸ்டாட் எப்போ திறக்கும்னு மாத்தலாம், திறந்த பிறகு ரேடியேட்டரோட சக்தியை அது கூட்டாது.

எல்எஸ் குடும்ப எஞ்சின் போடறவங்களுக்கு ஒரு வரி: சிலிண்டர் ஹெட் மேல இருக்கிற ஸ்டீம் வென்ட் குழாயை அடைச்சுடாதீங்க. ரேடியேட்டர் மேல் பகுதிக்கோ, உயரமா வச்ச சர்ஜ் டேங்குக்கோ கொண்டு போங்க. காத்து உள்ள மாட்டினா கேஜ் ஒண்ணு சொல்லும், அலுமினிய ஹெட் வேற ஒண்ணு சொல்லும்.

பெல்ட் ஃபேனா எலக்ட்ரிக்கான்னு அண்ணாச்சிக்கும் எனக்கும் ஒரு மாசம் சண்டை. வயரும் இல்ல, ரிலேயும் இல்ல, உருகவும் ஒண்ணும் இல்லன்னு அவர் பெல்ட் கட்சி. என் வயரிங்கைப் பார்த்த யாரும் அந்தக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவாங்க. இடம் இருந்து, நல்ல ஷ்ரவுடும் இருந்தா நெடுஞ்சாலைக்கும் இழுவைக்கும் அதுவே மேல், ஒத்துக்கறேன். ஆனா பாறை ஏறும்போது எஞ்சின் ஐடில்ல ஓடினா பெல்ட் ஃபேனும் சோம்பேறியாத்தான் சுத்தும். எலக்ட்ரிக் ஃபேனுக்கு எஞ்சின் வேகம் பத்திக் கவலையில்ல. ஆழமான தண்ணியில இறங்கினா பெல்ட் ஃபேன் இறக்கை வளைஞ்சு ரேடியேட்டரைக் கிழிக்கவும் வாய்ப்பு உண்டு, எலக்ட்ரிக்கை ஒரு சுவிட்ச்ல அணைச்சுடலாம். எல்லாத்துக்கும் மேல, இந்த வண்டியில வாட்டர் பம்புக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல என் கை நுழையறதே கஷ்டம். பெல்ட் ஃபேன் வைக்கணும்னா எஞ்சினைப் பின்னாடி தள்ளி மவுண்ட் அடிச்சிருக்கணும். அதை மவுண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடில்ல யோசிச்சிருக்கணும்?

ஆகஸ்ட்ல, 42 டிகிரியில, அதே பாதையில பாதி தூரம் போய்ட்டு வந்தோம். ஏசி ஓடுது. அதிகபட்சம் 102. இந்த முறை பையனைக் கூட்டிட்டுப் போகல, அவங்க அம்மா விடல. தண்ணி மட்டும் இருபது லிட்டர் கேன்ல ரெண்டு.

சூடான காத்து எஞ்சின் ரூம்ல இருந்து வெளிய போக ஹூட்ல லூவர் வெட்டலாமான்னு இப்போ யோசனை. அண்ணாச்சி பெயின்ட் போயிடும்ங்கிறார். வெட்டி ஓட்டின மக்கள் யாராச்சும் இருந்தா எத்தனை டிகிரி குறைஞ்சதுன்னு சொல்லுங்க.