பாட்டுக்குப் பெற்றவள் இல்லையா?

நாட்டார் பாடல் யாருக்குச் சொந்தம்? "அது மரபு, ஆசிரியர் இன்னாரென்று சொல்ல இயலாது" என்று வகுப்பறையில் விடை சொல்லிப் பழகிவிட்டோம். அடக்கமாகத் தோன்றும் இவ்விடைக்குள் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. பெயரில்லாத பொருளை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியே அது.

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த அப்பாடல் உலகெங்கும் ஒலித்தது. பதுளையில் நம் மாணவர் வாயிலும் புகுந்தது. அதன் உயிர் எங்கிருந்து வந்தது? அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. அம்மக்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. மூட்டைகளைப்போல் எண்ணப்பட்ட அவர்கள், தம்மோடு கொண்டுசெல்ல முடிந்த சொற்ப உடைமைகளுள் பாட்டும் ஒன்று.

பின்னர் நடந்தது என்ன? 2021 ஓகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தனர், அறிவு இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்குத் தனி அட்டை கிடைத்தது. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அவரின்றியே அப்பாடல் அரங்கேறியது. அவர் அமெரிக்காவில் இருந்தார் என்று காரணம் சொல்லப்பட்டது. பாட்டு யாருடைய ஆக்கம் என்னும் பிணக்கு ஊரறிந்ததாயிற்று.

மேல்நாட்டிலும் இக்கதை உண்டு. இங்கிலாந்தின் மார்ட்டின் கார்த்தி பாடிவந்த 'ஸ்கார்பரோ ஃபேர்' என்னும் நாட்டார் பாடலை 1965 அளவில் லண்டனில் அவரிடம் கேட்டறிந்தார் அமெரிக்கரான போல் சைமன். 1966இல் வந்த இசைத்தட்டில் கார்த்தியின் பெயர் இல்லை. நெடுங்காலக் கசப்பு, 2000இல் இருவரும் ஒரே மேடையில் பாடியபோது தீர்ந்தது. நன்று! ஆயினும், 1947இலேயே அப்பாடலின் ஒரு வடிவத்தை இவான் மக்கோலுக்குப் பாடிக் கொடுத்தவர் மார்க் ஆண்டர்சன் என்னும் ஓய்வுபெற்ற ஈயச் சுரங்கத் தொழிலாளி. அவருக்காகக் கசந்தவர் எத்தனை பேர்?

புகழ்பெற்ற இருவர் பிணங்கினால் உலகம் நீதி பேசுகிறது. அவ்விருவருக்கும் பின்னால் நிற்கும் உழைப்பாளியை 'மரபு' என்ற ஒரே சொல்லால் புதைத்துவிடுகிறது. அறிவு அதைச் செய்யவில்லை. 2024இல் வெளியிட்ட இசைத்தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயரிட்டார். அந்தப் பெயரை நாம் போற்றுகிறோம்.

"கலை பொதுச்சொத்து, பெயருக்கும் பணத்துக்கும் சண்டை எதற்கு?" என்பர் சிலர். கலை பொதுவாகட்டும். தேயிலைத் தோட்டம் மட்டும் ஏன் பொதுவாகவில்லை? நிலத்துக்கு உறுதியும் வேலியும் உண்டு. பாட்டுக்கு மட்டும் வேலி வேண்டாமென்பது யாருக்கு வசதி?

எல்லவுக்கு வரும் பயணிகள், 1921இல் எழுந்த ஒன்பது வளைவுப் பாலத்தையும் கொழுந்து பறிப்பவளையும் படம்பிடித்துச் செல்கின்றனர். அவளுக்கு முகம் உண்டென்பதைப் படம் சொல்லும். குரல் உண்டென்பதைச் சொல்லாது. அக்குரலுக்குச் செவிகொடுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. அவர் திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று. அப்பணி முடிந்துவிடவில்லை.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் பாட்டியிடம் செல்லுங்கள். அவர் சம்மதத்தோடு பாட்டை எழுதுங்கள். தலைப்புக்கு மேலே அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். நாளை அது மேடையேறினால் அந்தப் பெயரும் ஏறவேண்டும். வருவாய் கிடைத்தால் அந்த லயத்துக்கும் பங்கு வரவேண்டும். கொழுந்தை நிறுத்துக் கூலி கொடுக்கத் தெரிந்த உலகம், பாட்டுக்கும் கணக்குச் சொல்லக் கற்றுக்கொள்ளட்டும்.