இடிந்த கோட்டையும் இடியாத மதிலும்

தகடூர்! இப்பெயரைக் கேட்ட அளவிலேயே தமிழர் தோள்கள் பூரிக்கின்றன. இன்று தருமபுரி என வழங்கும் அவ்வூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த வள்ளலின் திருநகர். மேடைதோறும் இது முழங்கப்படுகிறது. ஆனால், அந்நகரில் மன்னனைத் தவிர வேறு எவர் வாழ்ந்தனர், அவர்தம் குடில்கள் எங்கே இருந்தன என்று கேட்பார் உளரோ? நாம் கேட்கிறோம்.

பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூரை எறிந்தான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் அவனைப் பாடினார். அப்போரைச் சொல்லும் தகடூர் யாத்திரை என்னும் நூலோ முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. சில பாடல்களே எஞ்சின. கோட்டை வீழ்ந்தது, தருமபுரிக்குத் தெற்கே, சேலம் சாலையில், அதியமான்கோட்டை என்னும் ஊரின் பெயரில் அதன் நினைவு நிற்கிறது. பிற்கால மன்னர் எடுத்த கற்கோயில்கள் நிற்கின்றன. உழவனும் கொல்லனும் குயவனும் மண் குழைத்து எழுப்பிய சுவர்கள் மழையோடு கரைந்தன. எளியோர்க்கு வாய்த்த கல் நடுகல் ஒன்றே! ஆநிரை காக்கப் போரிட்டு மாண்ட மறவர்க்கு எடுத்த கற்கள் தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாய் நிற்கின்றன. வாழ்ந்தபோது மண், மாண்டபின் கல்! இதுவே அந்நகர மக்களின் கட்டடக் கலை வரலாறு.

எனினும், அப்பழந்தகடூரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981-இல் கண்டெடுத்த தமிழிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி துறவியர்க்குக் குகை உறையுளை வழங்கியதைக் கூறுகிறது. 9-ஆம் நூற்றாண்டில், நுளம்பர் ஆட்சியில், இதே தகடூரில் சமணப் பள்ளி எழுந்ததையும் கல்வெட்டு காட்டுகிறது. பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்த ஒரு பெண்ணை, தொண்டைமானின் அவைக்குத் தூதாக அனுப்பினான் அஞ்சி. பிறப்பைக் கேட்டானா? பெண்ணென்று தயங்கினானா? இல்லை, அறிவைக் கண்டான், அவையில் அமர்த்தினான்!

பின்னர் நிகழ்ந்தது என்ன? பாட்டால் மன்னரை ஆண்ட பாணர் மரபு பழிக்கப்பட்டது. திருப்பாணாழ்வார் அரங்கத்துள் நுழையாது காவிரிக்கரையில் நின்று பாடினார் என்று வைணவ வரலாறே சொல்கிறது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளைப் படியுங்கள்: ஊர்நத்தம் வேறு, பறைச்சேரி வேறு என்று நிலம் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய அந்த வரைபடம் இன்னும் அழிந்ததா?

2012 நவம்பர் 7-ஆம் நாள், அதியமான் ஆண்ட அதே மண்ணில், நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்னும் மூன்று குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட ஒடுக்கப்பட்டோர் வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. சாதி கடந்து இருவர் மணந்தனர் என்பதே காரணம்! மண்சுவர் கரைவதற்கேனும் மழை வேண்டியிருந்தது. பாடுபட்டுக் கட்டிய கல்வீடு கருகுவதற்குச் சாதி வெறி ஒன்றே போதுமானதாயிற்று.

"பழம்பெருமை பேசும் இடத்தில் சேரியை ஏன் இழுக்கிறீர்?" என்று முகம் சுளிப்போர் உண்டு. சேரியும் சேர்ந்ததுதானே ஊர்? அதை விலக்கி எழுதினால் அது நகர வரலாறு ஆகாது. அரண்மனையின் வரவேடு ஆகும். இன்னும் சிலர், அதியமான் தம் சாதியான் என்று உரிமை கொண்டாடுகின்றனர். ஈந்தவனைப் பங்கு போடுகின்றனரே அன்றி, ஈகையைப் பங்கிட முன்வருவோர் எத்தனை பேர்?

அதியமானுக்கும் ஔவைக்கும் அதியமான்கோட்டையில் அரசு நினைவுக்கோட்டம் எழுப்பியிருக்கிறது, வரவேற்கிறோம். ஆயினும், சிலைக்கு மாலை சூட்டிவிட்டுச் சேரிக்குச் செல்லும் பாதையை அடைப்பவன் அதியமானின் வழித்தோன்றல் அல்லன். தகடூரை எரித்த பகையின் வழித்தோன்றல்.

சேரன் இடித்தது கல்மதில். ஊருக்கும் சேரிக்கும் இடையே நிற்கும் மதிலை இடிக்க எந்தச் சேரனும் வரப்போவதில்லை. இளைஞர்களே, அது உங்கள் கைகளுக்காகக் காத்திருக்கிறது!